12 நாள் ஆபீஸ் வேலை, நடுவில் அருவி: ஹில்ஸ்போரோ போகிறவனுக்கு வழி சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் இரண்டாவது வாரம் ஆபீஸ் வேலையாக ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்தை ஒட்டிய ஹில்ஸ்போரோவுக்கு 12 நாள் போகிறேன். முதல் அமெரிக்கப் பயணம். நடுவில் ஒரே ஒரு சனி ஞாயிறு. அதிலும் ஞாயிறு மதியம் டீமோடு சாப்பாடு என்று இப்போதே காலண்டரில் போட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது, சாலையோரத்திலேயே வரிசையாக அருவிகள் விழுகின்றன என்று தெரிந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. லட்டரெல், பிரைடல் வெயில், வாகீனா, மல்ட்னோமா, ஹார்ஸ்டெயில், போனிடெயில் ஆறும் சனிக்கிழமை. ஞாயிறு காலை சில்வர் ஃபால்ஸ் பூங்கா, அங்கே மட்டும் பத்து. வார நாட்களில் ஆபீஸ் முடிந்ததும் விட்டுப்போனவை. எக்செல் ஷீட்டில் நிமிடக் கணக்கு வரை போட்டிருக்கிறேன்.

கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 16-50 லென்ஸ். ட்ரைபாட் கிடையாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்கிவிட்டேன், ஆனால் சாலையின் வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. திட்டம் சரிவருமா? வேறு என்ன வாங்க வேண்டும்?

குற்றாலத்தான் எழுதியது:

தலைப்பில் நீர்வீழ்ச்சி என்று போடாமல் அருவி என்று போட்டதற்கே உங்களுக்கு ஒரு லைக். சங்கப் பாட்டில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு வாட்டர்ஃபாலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்துக்கொண்டு திரிகிறோம்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அங்கே குளிக்க விடுவார்களா?

பழைய ஆன்சைட் எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன், தவறாக நினைக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஆபீஸ் முடிந்த கையோடு அதே பள்ளத்தாக்குக்குப் போனேன். பையைப் பின் சீட்டில் போட்டு, மேலே ஜாக்கெட்டால் மூடிவிட்டு, அரை மணி நேரம் மேலே ஏறி இறங்கினேன். திரும்பி வந்தால் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. பை இல்லை. பைக்குள் ஆபீஸ் லேப்டாப். அடுத்த இரண்டு நாள் அருவியும் இல்லை, வேலையும் இல்லை. பாதுகாப்புப் பிரிவுக்கு விளக்கக் கடிதம், போலீஸ் ரிப்போர்ட், வாடகைக் கார் கம்பெனிக்கு ஒரு படிவம். மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அந்த வாகன நிறுத்தங்களில் கண்ணாடி உடைப்பது ஊரறிந்த விஷயம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். லேப்டாப் ஹோட்டலில் இருக்கட்டும். டிக்கியில் ஏதாவது வைப்பதென்றால் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள். அங்கே போய் இறங்கி, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள்.

முக்காலி எழுதியது:

போர்ட்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதல் வேலையாக அந்த எக்செல் ஷீட்டை மூடுங்கள் நண்பரே. ஆறு அருவிக்கு ஆறு முறை காரை நிறுத்த இடம் தேட வேண்டும், ஆறு முறை கேமராவை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். மிஞ்சுவது வாசலில் நின்று எடுத்த ஆறு படம்.

உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை சாயங்காலம்தான். ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் சென்னைக்கும் இங்கேக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். கிட்டத்தட்ட இரவு பகல் தலைகீழ். முதல் ஐந்தாறு நாள் சாயங்காலம் 4 மணிக்கு மேல் உங்கள் கண் தானாகச் செருகும். அந்த நிலையில், பழக்கமில்லாத பக்கத்தில், ஆபீஸ் விடும் நேர நெரிசலில் 45 மைல் ஓட்டுவது அறிவான காரியம் இல்லை. அது போக, இங்கே இரவு எட்டரை என்றால் சென்னையில் காலை 9 மணி. ஊரில் டீம் உட்கார்ந்ததும் உங்களைத்தான் தேடும்.

அதே உடம்பு விடிகாலை 3 மணிக்கு உங்களை எழுப்பிவிடும். புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. எல்லோரும் அதைச் சாபம் என்பார்கள், படம் எடுக்கிறவனுக்கு அது வரம். சூரிய உதயம் 5.20 வாக்கில். ஹோட்டலில் 5 மணிக்குக் கிளம்பினால் 6 மணிக்கு லட்டரெல் அருவி முன்னால் நிற்கலாம். சாலை காலி, வலது பக்கம் ஓட்டிப் பழக அதைவிட நல்ல நேரம் இல்லை. முக்கால் மணி நேரம் படம் எடுத்துவிட்டு 7 மணிக்குள் வண்டியை எடுங்கள். ஊருக்குள் வரும் நெரிசலையும் சேர்த்து எட்டரைக்கு ஹில்ஸ்போரோ. முதல் நாள் மட்டும் வேண்டாம், ஒரு இரவாவது தூங்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஏன் லட்டரெல் என்றால், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிட நடை. 224 அடி உயரத்திலிருந்து பாறையில் எங்கேயும் படாமல் நேராக விழுகிறது. பின்னால் தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறை, அதன் மேல் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பாசிப்படலம். மற்ற அருவிகளைப் படத்தில் பார்த்தால் குழம்பும், லட்டரெலை அந்த மஞ்சளை வைத்தே சொல்லிவிடலாம். நெடுஞ்சாலையில் 28ஆம் எக்ஸிட்டில் இறங்கி, பழைய சாலையில் மேற்கே திரும்ப வேண்டும்.

ட்ரைபாட் கட்டாயம் வேண்டும். என் பெயருக்காகச் சொல்லவில்லை. ஓரிகனில் விற்பனை வரி கிடையாது, இங்கே வந்து வாங்கினால் விலைச்சீட்டில் போட்ட அதே தொகைதான். கூடவே லென்ஸுக்குப் பொருந்தும் போலரைசர், அதாவது பளபளப்பை அடக்கும் கண்ணாடி ஒன்று. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இப்போதைக்கு வேண்டாம்.

பீவர்டன் அக்கா எழுதியது:

முக்காலி சொன்னதோடு சேர்த்துச் சில நடைமுறை விஷயம் சொல்கிறேன் தம்பி.

மல்ட்னோமாவுக்கு கடந்த சில வருடங்களாகக் கோடையில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, நேரம் போட்ட அனுமதிச்சீட்டு வாங்கித்தான் பெரிய நிறுத்தத்துக்குள் போக முடிகிறது. ஆன்லைனில் 2 டாலர். அது காலை 9 முதல் மாலை 6 வரைக்கும்தான். 9 மணிக்கு முன்னால் வந்துவிட்டால் சீட்டும் வேண்டாம், கூட்டமும் இருக்காது. விதி வருடா வருடம் மாறலாம், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 31ஆம் எக்ஸிட் இடது பக்கம் பிரியும், இரண்டு திசைச் சாலைக்கும் நடுவில் நிறுத்தம். வலது பக்கமே பார்த்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, அடுத்த எக்ஸிட்டில் திரும்பி வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஜூன் மாதம் வெயில் கொட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே கோடை ஜூலை 5ஆம் தேதிதான் ஆரம்பம் என்று ஊர்க்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். தூறல் இருக்கும், குளிரும். இந்த ஊர்க்காரர்கள் மழைக்குக் குடை பிடிக்கவே மாட்டார்கள், தொப்பி வைத்த ஜாக்கெட்டோடு நனைந்துகொண்டே போவார்கள். நீங்கள் வெட்கப்படாமல் ஒரு குடை கொண்டு வாருங்கள். உங்களுக்கு இல்லை, கேமராவுக்கு.

ஒனியாண்டா பள்ளம் என்று பழைய வீடியோக்களில் தண்ணீருக்குள் நடந்து போவார்களே, அதைத் தேடிப் போக வேண்டாம். 2017 செப்டம்பரில் 15 வயதுப் பையன் ஒருவன் பட்டாசைக் கொளுத்திப் போட்டதில் பிடித்த ஈகிள் கிரீக் தீ மூன்று மாதம் வரை எரிந்தது. ஏறக்குறைய 50,000 ஏக்கர். ஒரு இரவு முழுக்க 150க்கும் மேற்பட்டவர்கள் காட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். எரிந்த சரிவிலிருந்து இன்னும் கல்லும் மரமும் உருளும். அந்தப் பள்ளத்தை அப்போது மூடியதுதான். கரிந்த மரங்களுக்குக் கீழே பச்சை துளிர்த்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

குற்றாலத்தாருக்கு: குளிக்கிற அருவி இல்லை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். மல்ட்னோமாவின் மேல் குளத்தில் 1995இல் 400 டன் பாறை ஒன்று பிய்ந்து விழுந்து, பாலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண கோஷ்டிக்கு அடிபட்டது. வேலியைத் தாண்டாதீர்கள்.

குற்றாலத்தான் எழுதியது:

கல்யாண கோஷ்டியா! சரி, குளியல் கனவை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரே சுவரில் எப்படி இத்தனை அருவி? எங்கள் ஊரில் ஐந்தருவி, பழைய அருவி, பேரருவி எல்லாம் சுற்றிச் சுற்றித்தான் இருக்கும். இங்கே துணிக்கடையில் புடவை தொங்கவிட்ட மாதிரி வரிசையாக இருக்கிறதே.

முக்காலி எழுதியது:

நல்ல கேள்வி. சுமார் ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த பாறை அது. அதைக் கொலம்பியா நதி மெதுவாக அறுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பனியுகம் முடியும் காலத்தில், மொன்டானா பக்கம் பனிக்கட்டி அணை கட்டியிருந்த ஒரு பெரிய ஏரி உடைந்தது. ஒருமுறை இல்லை, பனி மறுபடி அடைக்க, மறுபடி உடைய, பல பத்து முறை. அந்த வெள்ளம் அத்தனையும் இந்த இடுக்கு வழியாகத்தான் கடலுக்குப் போனது. போகிற போக்கில் பள்ளத்தாக்கின் பக்கச் சரிவை வாரிக்கொண்டு போய்விட்டது. முன்பு சரிவில் இறங்கி நதியில் கலந்துகொண்டிருந்த சின்ன ஓடைகளெல்லாம் திடீரென்று அந்தரத்தில் நின்றன. குதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

படத்துக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. அந்தச் சுவர் வடக்கு பார்த்தது. நடுப்பகலில் சூரியன் சுவருக்குப் பின்னால் நிற்கும், அருவியின் தலை வெள்ளையாக வெந்துபோகும், கீழே மரமெல்லாம் கறுப்பு. மேகம் மூடிய காலைதான் நமக்கு வேண்டும். வானிலை மோசம் என்று செல்பேசி காட்டும் நாளில் தைரியமாகக் கிளம்புங்கள்.

வேளச்சேரிவாசி எழுதியது:

எக்செல்லை மூடிவிட்டேன். கொஞ்சம் வலித்தது. 3 மணிக்கு எழுவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது தோன்றவே இல்லை.

செட்டிங் என்ன வைப்பது என்று சொல்லுங்கள். தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வர வேண்டும்.

குற்றாலத்தான் எழுதியது:

இந்தப் பட்டுத்துணியைத்தான் நான் எதிர்க்கிறேன். எல்லா அருவியும் ஒரே பால் வழிந்த மாதிரி. சாரல் எங்கே, இரைச்சல் எங்கே? மெயின் அருவிக்குக் கீழே நின்று தலையில் அடி வாங்கியவனுக்குத் தெரியும், தண்ணீர் பட்டு இல்லை. பட்டாளம்.

முக்காலி எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நொடி, மூன்று நொடி என்று இழுத்தால் தண்ணீரின் உடம்பே போய்விடும். 1/4 நொடியிலிருந்து 1/2 நொடி வரை எடுத்துப் பாருங்கள், நூல் நூலாகப் பிரிந்து விழுவது தெரியும். சாரலும் வேகமும் வேண்டுமென்றால் 1/1000, துளி அந்தரத்தில் நிற்கும். அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, ஏற்ற வேண்டியிருக்கும், ஏற்றுங்கள்.

தொடங்க: ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 அல்லது 11, ரா ஃபைல் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு). மேகமூட்டமான காலையில் மரத்தடியில் போலரைசர் மாட்டினால் ஷட்டர் தானாகவே அரை நொடி, ஒரு நொடிக்கு வந்துவிடும். அதனால்தான் என்டி வேண்டாம் என்றேன். போலரைசரை மாட்டினால் மட்டும் போதாது, கண்ணை வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். ஈரப் பாறையிலும் இலையிலும் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு ஒரு கட்டத்தில் சட்டென்று அணைந்து, பச்சை எழுந்து வரும். எந்த மென்பொருளாலும் பிறகு அதைக் கொண்டுவர முடியாது. ஷட்டரை விரலால் அழுத்தினால் ஆடும், 2 நொடி டைமர் வையுங்கள். தண்ணீரின் வெள்ளை வெந்துபோகாமல் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பாவது குறையுங்கள்.

உண்மையான எதிரி சாரல். அருவியிலிருந்து காற்று உங்கள் முகத்தை நோக்கித்தான் அடிக்கும். மைக்ரோஃபைபர் துணி ஒருமுறை நனைந்தால் தண்ணீரைத் துடைக்காது, பூசும். வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருக்கும் அல்லவா, அலசி அலசி மெத்தென்று ஆனது, அதில் கைக்குட்டை அளவுக்கு ஆறு துண்டு கிழித்து எடுத்து வாருங்கள். இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல லென்ஸ் துணியை நான் பார்க்கவில்லை.

ரயிலடி எழுதியது:

கார் ஓட்டப் பயமாக இருந்தால் சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு வழி. ஹில்ஸ்போரோவிலிருந்து மேக்ஸ் என்ற நகர ரயிலின் நீலத் தடத்தில் கேட்வே நிலையம் வரை வாருங்கள். அங்கிருந்து கொலம்பியா கார்ஜ் எக்ஸ்பிரஸ் பேருந்து மல்ட்னோமா வாசலிலேயே இறக்கும். ரயில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விடிகாலை வெளிச்சம் கிடைக்காது. ஆனால் அனுமதிச்சீட்டும் வேண்டாம், கண்ணாடி உடையும் கவலையும் இல்லை. நான் இரண்டு முறை அப்படித்தான் போனேன்.

பழைய ஆன்சைட் எழுதியது:

வாடகைக் கார் கம்பெனிக் காசா? அப்படியென்றால் சொந்த ஊர் சுற்றலுக்கு எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெட்ரோல் பில்லைத் தனியாகச் சொந்தக் காசில் போடுங்கள். 20 டாலருக்காக யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கேட்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. 9 மணி மீட்டிங் இருக்கும் நாளில் போகாதீர்கள். அந்த நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் போதும், நீங்கள் அசையாமல் நிற்பீர்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னலும் வந்து வந்து போகும்.

(சனிக்கிழமை வாகீனாவில் ஏறி மல்ட்னோமாவில் இறங்கும் சுற்றுப் பாதையைப் பாருங்கள். கசப்பாகப் பேசினாலும் நான் போய் நடந்தவன்தான்.)

முக்காலி எழுதியது:

ஆன்சைட் அண்ணன் சொன்ன சுற்றுத்தான் சரி. சுமார் 5 மைல், 1,600 அடி ஏற்றம். படம் எடுத்துக்கொண்டே நடந்தால் நாலு மணி நேரம். வாகீனாவில் தொடங்கினால் ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடும். வழியில் ஃபேரி ஃபால்ஸ் என்று இருபது அடி உயரத்தில் விசிறி மாதிரி ஒன்று வரும், எல்லோரும் தாண்டிப் போவார்கள், நீங்கள் நில்லுங்கள். இந்தப் பக்கத்திலேயே அழகாகப் படத்துக்குள் அடங்கும் அருவி அதுதான் என்பது என் கட்சி. 620 அடி மல்ட்னோமாவை 16-50 லென்ஸில் அடக்கிவிட்டு எல்லோரும் அனுப்பும் அதே தபால் அட்டைப் படத்தோடு வருவதைவிட, இருபது அடி எவ்வளவோ மேல்.

சில்வர் ஃபால்ஸ் இன்னொரு பயணத்துக்கு. அங்கே நாலு அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம், ஆனால் முழுச் சுற்று 7 மைலுக்கு மேல். மதியச் சாப்பாட்டுக்கு ஓடி வர வேண்டிய நாளில் அதைத் தொடாதீர்கள்.

வேளச்சேரிவாசி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

திரும்பி வந்துவிட்டேன். இந்த இழைக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

செவ்வாய் விடிகாலை முதல் முறை லட்டரெல். 3 மணிக்கு விழிப்பு வந்தது, சொன்னபடியே. சாலையில் லாரிகளைத் தவிர யாரும் இல்லை. 6 மணிக்கு அருவி முன்னால் நான் ஒருவன்தான். சத்தம்தான் முதலில் வந்தது, அப்புறம் அந்த மஞ்சள். எண்பது படம் எடுத்தேன். ஹோட்டலில் வந்து பார்த்தால் அறுபதில் லென்ஸ் மேல் நீர்த்துளி, மீதியில் தண்ணீர் வெந்த வெள்ளை. எக்ஸ்போஷரைக் குறைக்கச் சொன்னதைக் காலைக் குளிரில் சுத்தமாக மறந்துவிட்டேன்.

எக்செல் இருந்திருந்தால் லட்டரெலில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். வியாழன் மறுபடி அங்கேயே போனேன். இந்த முறை கேமராவை வெளியே எடுக்காமல் பத்து நிமிடம் நின்று, காற்று எப்போது ஓய்கிறது என்று பார்த்தேன். ஓயும்போது மூடியைத் திறந்து, வேட்டித் துணியால் ஒரு துடைப்பு, ஒரு படம், மறுபடி மூடி. மொத்தம் பதினொரு படம். நாலு தேறியது. 1/3 நொடியில் எடுத்தது ஒன்று, குற்றாலத்தார் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை வாகீனா சுற்று. தூறல் விடவே இல்லை. ஃபேரி ஃபால்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், அதனால் கடைசி இறக்கத்தில் மூட்டு கெஞ்சியது. மல்ட்னோமா பாலத்தில் நிற்க இடமில்லை, செல்பேசியில் ஒன்று எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவளுக்குப் பிடித்தது அதுதான். ஞாயிறு சாப்பாட்டில் அந்த ஊர் மேனேஜர், இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், லட்டரெல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை அவரே காரை எடுத்துக்கொண்டு 5 மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்றார். லேப்டாப் ஒவ்வொரு முறையும் அறையிலேயே இருந்தது, ஆன்சைட் அண்ணனுக்காகச் சொல்கிறேன்.

ஹார்ஸ்டெயில், போனிடெயில், பிரைடல் வெயில், சில்வர் ஃபால்ஸ் எதையும் பார்க்கவில்லை. படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன்.

குற்றாலத்தான் எழுதியது:

மூன்றாவது படம் அருவி. மற்றதெல்லாம் நீர்வீழ்ச்சி. 1/3 நொடிக்குக் கை தட்டுகிறேன்.

ஒரு சந்தேகம். ஏழாவது படத்தில் வலது மூலையில், தண்ணீரில் ஒரு கறுப்புக் குடை மிதக்கிறதே, யாருடையது?

வேளச்சேரிவாசி எழுதியது:

என்னுடையதுதான். கேமராவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று எப்போது ஓய்கிறது என்று பார்த்தேனே, ஒருமுறை கணக்குத் தப்பிவிட்டது.

பீவர்டன் அக்கா எழுதியது:

அடுத்த முறை வரும்போது வீட்டுக்கு வா தம்பி. எங்கள் வீட்டில் குடை நாலு இருக்கிறது, இந்த ஊரில் யாரும் தொடுவதில்லை.